சோதனைப் பரப்பறிக்கை: எண்ணும் பொருளும்

மென்பொருளை ஆக்குவோர் அதற்கெனச் சோதனைகளையும் எழுதுவர். அச்சோதனைகள் மூலநிரலின் எப்பகுதிகளைத் தொட்டன, எவற்றைத் தொடாது விட்டன என்பதைக் கணித்து அறிக்கையாகத் தரும் கருவிகள் இன்று வழக்கிலுள்ள நிரல் மொழிகள் பெரும்பாலானவற்றுக்கும் உள்ளன. ஆங்கில வழக்கில் 'கவரேஜ்' எனப்படும் இதனைச் 'சோதனைப் பரப்பு' எனக் குறிப்பிடலாம். பரப்பு என்னும் சொல் யாழ்ப்பாணத்துக் காணி அளவையை நினைவூட்டுமாயின் அதுவும் பொருத்தமே. பரப்புக் கணக்குக் காணியின் அளவைக் கூறும். அதில் விளைந்தது யாது என்பதைக் கூறாது. இவ்வேறுபாடு மறக்கப்படுவதனாலேயே இக்கருவிகள் நிறுவப்படும் இடங்கள் பலவற்றில் அவை தம் பயனை இழந்து நிற்கின்றன. அறிக்கை வாசிக்கப்படுவதில்லை; அதன் தலைப்பிலுள்ள நூற்றுவீதம் மட்டுமே வாசிக்கப்படுகின்றது.

இக்கருத்துப் புதியதன்று. 1963ஆம் ஆண்டிலேயே மில்லர், மலோனி ஆகிய இருவர், நிரலின் பகுதிகள் யாவும் சோதனைக்கு உட்பட்டனவா என முறைப்படி நோக்கும் வழியொன்றைக் கட்டுரையாக வெளியிட்டனர். விமானங்களில் இயங்கும் மென்பொருளுக்கென 1992இல் வகுக்கப்பட்ட டி.ஓ.-178பி என்னும் நியமம், பிழைத்தால் உயிரிழப்பு நேரக்கூடிய உச்சநிலை மென்பொருளுக்கு மிகக் கடுமையான பரப்பு அளவையொன்றை விதித்தது. ஒரு தீர்மானத்தில் இடம்பெறும் ஒவ்வொரு நிபந்தனையும் தனித்துநின்று அத்தீர்மானத்தை மாற்றவல்லது எனச் சோதனையால் காட்டப்படல் வேண்டும் என்பது அதன் சாரம். நான்கு நிபந்தனைகள் கொண்ட தீர்மானத்துக்கு 16 சேர்க்கைகள் உண்டு. இந்நியமத்தின்படி குறைந்தது ஐந்து சோதனைகள் வேண்டும். அன்றாட மென்பொருட் பணிகளிலோ பெரும்பாலும் வரிப்பரப்பு ஒன்றே கணிக்கப்படுகின்றது. ஒரு வரி ஒருமுறையேனும் இயங்கியதா என்பதற்கு மேல் அது எதனையும் வினவுவதில்லை.

கருவியை நிறுவும் முறை கடினமானதன்று. சி மொழியில் எழுதப்பட்ட நிரலாயின், ஜி.சி.சி. தொகுப்பிக்குப் பரப்புக் கணிப்புக்கான தெரிவைக் கொடுத்தால் போதும். தொகுக்கும்போது நிரலின் அமைப்பைக் கூறும் கோப்பொன்றும், இயங்கி முடியும்போது எண்ணிக்கைகளைக் கூறும் கோப்பொன்றும் உருவாகும். ஜி-கவ் என்னும் கருவி இவ்விரண்டையும் மூலநிரலோடு பொருத்தி, ஒவ்வொரு வரியும் எத்தனைமுறை இயங்கியது என எழுதித் தரும். எல்-கவ் அவற்றைத் திரட்டி நிறமிட்ட பக்கங்களாக்கும். பைதன் மொழியிலும் ஏனைய மொழிகளிலும் இதற்கு ஒப்பான ஏற்பாடுகள் உள்ளன. அரைநாளில் முடியக்கூடிய வேலை இது. ஆயினும் பிழைகள் நுழைவதும் அந்த அரைநாளிலேதான்.

முதலாவது பிழை பகுதியெண்ணைப் பற்றியது. நூற்றுவீதம் என்பது பின்னமாதலின், இயங்கிய வரிகள் எத்தனை என்பதோடு எத்தனை வரிகளுள் என்பதும் அறியப்படல் வேண்டும். பைதனின் பரப்புக் கருவிக்கு மூலநிரல் உள்ள இடம் இன்னது எனச் சுட்டாதுவிடின், சோதனைகளின்போது ஏற்றப்பட்ட கோப்புகளை மட்டுமே அது கணக்கிலெடுக்கும். எந்தச் சோதனையும் தொடாத கோப்பு பூச்சியம் பெறுவதற்குப் பதிலாக அறிக்கையிலிருந்தே மறைந்துவிடும். எல்-கவ் கருவியிலும் தொடக்கநிலைக் கணிப்பொன்றை முதலில் எடுக்காவிடின் இதுவே நிகழும். பரீட்சைக்குத் தோற்றாதோரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுச் சித்தி வீதத்தைக் கணிப்பதை இது ஒக்கும். இன்னொன்றும் உண்டு. ஜி.சி.சி. முறையில் எண்ணிக்கைகள் நிரல் ஒழுங்காக முடிவடையும்போதே கோப்பில் எழுதப்படுகின்றன. இடைநடுவில் நிலைகுலைந்து வீழ்ந்த ஓட்டம் தான் சென்ற வழியைப் பதியாமலே போய்விடும். தொகுப்பியின் செம்மையாக்கத்தை நிறுத்தாது கணித்தால் வரிகள் ஒன்றோடொன்று கலந்து எண்ணிக்கை பிறழ்வதும் உண்டு. இவற்றையெல்லாம் அறியாது பெற்ற எண், எண்ணாகத் தோன்றுமேயன்றி அளவையாகாது.

இரண்டாவது பிழை பொருளைப் பற்றியது. மாணவர் பெற்ற புள்ளிகளைக் கூட்டி, மாணவர் தொகையால் வகுத்துச் சராசரி காணும் சிறு செயற்கூறு ஒன்றைக் கொள்வோம். மூன்று புள்ளிகளைக் கொடுத்து அதனை ஒருமுறை இயக்கினால் எல்லா வரிகளும் இயங்கிவிடும். வரிப்பரப்பு 100 வீதம். கிளைப்பரப்பைக் கணித்தாலும் பெரும்பாலும் அதே விடையே வரும். மாணவர் எவரும் இல்லாத வகுப்பைக் கொடுத்தாலோ பூச்சியத்தால் வகுக்க நேர்ந்து நிரல் வீழும். இதனினும் வியப்பானது, கிடைத்த சராசரி சரியானதா என ஒப்புநோக்கும் கூற்று அச்சோதனையில் இல்லாவிடினும் பரப்பு மாறாது 100 வீதமாகவே நிற்பதாகும். செய்யுளின் ஒவ்வொரு சொல்லுக்கும் பதவுரை எழுதியவர் எச்சொல்லையும் விடவில்லை என்பது மெய். செய்யுளின் பொருளை அவர் கண்டாரா என்பது வேறு வினா. பரப்பறிக்கை முன்னதற்கு மட்டுமே சான்று பகரும்.

இந்நிலையில், பரப்பு 80 வீதத்திற்குக் குறைந்தால் மாற்றம் ஏற்கப்படாது என்றோ, முன்னிருந்த வீதத்திலிருந்து சிறிதும் இறங்கலாகாது என்றோ தன்னியக்க விதிகள் அமைக்கப்படுகின்றன. இவ்விதிகள் நல்லெண்ணத்தில் பிறந்தவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அவற்றின் விளைவை எளிய கணக்கொன்று காட்டும். 1000 வரிகளுள் 800 இயங்கும் நிரலில் பரப்பு 80 வீதம். ஒருவர் நன்கு சோதிக்கப்பட்ட, ஆனால் திரும்பத்திரும்ப எழுதப்பட்ட 100 வரிகளைத் தேவையற்றவையெனக் கண்டு நீக்குகிறார். எஞ்சிய 900 வரிகளுள் 700 இயங்கும், பரப்பு 77.8 வீதமாக இறங்கும். நிரலைச் சீர்செய்தவர் தண்டிக்கப்படுகிறார். மறுபுறம், வீதத்தை உயர்த்த விரும்புபவருக்குக் குறுக்குவழிகள் பல: எதனையும் ஒப்புநோக்காத சோதனைகளை எழுதலாம், தொல்லைதரும் வரியின் அருகே 'இதனைக் கணக்கில் எடுக்கற்க' என்னும் பொருள்படும் குறிப்பை இடலாம். இக்குறிப்பு இயல்பில் நேர்மையான கருவியே. அதனை எக்காரணம்பற்றி இட்டார் என அருகில் எழுதாதவிடத்துத்தான் ஐயம் எழுகின்றது. எண்ணைப் பரிசிலாக்கியவர்களே எண்ணுக்காக எழுதப்பட்ட சோதனைகளைப் பற்றிக் குறைகூறுவது விந்தையே.

அறிக்கையை வெளியாரின் சேவைக்கு அனுப்பி அங்கே காட்சிப்படுத்தும் வழக்கமும் பரவியுள்ளது. கோட்கவ் என்னும் சேவையின் பதிவேற்றக் கட்டளைக்கோப்பு 2021 சனவரி இறுதியிலிருந்து ஊடுருவினரால் மாற்றப்பட்டிருந்தமை அவ்வாண்டு ஏப்ரலிலேயே கண்டறியப்பட்டது. அதனை இயக்கிய களஞ்சியங்களின் இரகசியச் சாவிகள் களவாடப்படக்கூடிய நிலை இரு மாதங்கள் நீடித்தது. சோதனையின் துணைக்கருவியும் சோதிக்கப்படவேண்டிய நிரலே என்பதைப் பலர் அன்றே உணர்ந்தனர்.

இனி, பரப்பறிக்கை எதனைச் சொல்லவல்லது, எதனைச் சொல்லவியலாதது என்பதை 2014இல் வெளிப்பட்ட இரு வழுக்களைக்கொண்டு தெளியலாம். அவ்வாண்டு பெப்ரவரியில் அப்பிள் நிறுவனம் திருத்திய வழுவில், பாதுகாப்பான இணைப்பின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செயற்கூற்றில், முடிவுப்பகுதிக்குத் தாவச்செய்யும் வரியொன்று தவறுதலாக இருமுறை எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது வரி எந்நிபந்தனைக்கும் உட்படாது எப்போதும் தாவியது. சரிபார்ப்பின் முக்கிய பகுதி அதன் கீழே ஒருபோதும் இயங்காது கிடக்க, செயற்கூறு 'பிழை இல்லை' என விடையளித்தது. எத்தனை சோதனைகளை நடத்தியிருப்பினும் அவ்வரிகள் இயங்கியனவாக எந்த அறிக்கையிலும் தோன்றியிரா. அச்செயற்கூற்றின் பரப்புப் பக்கத்தை ஒருவர் கண்ணால் வாசித்திருப்பின் வினா எழுந்தே இருக்கும். முழுமென்பொருளின் வீதத்தை மட்டும் நோக்கியவருக்கோ இச்சில வரிகள் தசமத்தானத்திலும் புலப்பட்டிரா.

ஏப்ரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' வழு இதற்கு நேர்மாறானது. ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளில் 2012 முதல் இடம்பெற்ற அந்நிரற்பகுதி, மறுமுனையிலிருந்து வரும் செய்தி தன் நீளமெனக் கூறும் எண்ணை அப்படியே நம்பியது. உண்மை நீளத்தோடு அதனை ஒப்பிடும் நிபந்தனை எழுதப்படவேயில்லை. ஆகவே, கேட்போருக்கு நினைவகத்திலிருந்து 64 கிலோபைற் வரையான பிறர் தரவு ஒரே தடவையில் கசிந்தது. ஒழுங்கான செய்தியொன்றை அனுப்பும் சோதனை அங்குள்ள வழக்கமான வரிகளையெல்லாம் இயக்கியிருக்கும். எழுதப்படாத வரிக்கு நிறமிட எந்தக் கருவியாலும் ஆகாது. இருப்பதன் மீதே பரப்புக் கணிக்கப்படுகின்றது, இருக்கவேண்டியதன் மீதன்று.

ஆய்வுலகமும் இவ்வையத்தை வலியுறுத்தியது. அதே 2014இல் இனொசெம்ற்செவா, ஹோம்ஸ் ஆகியோர் ஜாவாவில் எழுதப்பட்ட ஐந்து பெரும் மென்பொருட்களுக்கு 31,000 சோதனைத் தொகுதிகளை ஆக்கி நோக்கினர். தொகுதியிலுள்ள சோதனைகளின் எண்ணிக்கையைச் சமமாக வைத்து ஒப்பிட்டபோது, பரப்புக்கும் வழுவைக் கண்டுபிடிக்கும் ஆற்றலுக்கும் இடையே வலிமையான தொடர்பு காணப்படவில்லை. இதிலிருந்து பரப்பு வீணென்பது பெறப்படாது. தர இலக்காக அதனை வைப்பது தகாது என்பதே அவ்வாசிரியர்கள் கொண்ட முடிபு.

இவ்விடத்து எஸ்.கியூ.லைற் தரவுத்தள மென்பொருளின் வரலாறு தனித்து நோக்கத்தக்கது. 2000இல் ரிச்சார்ட் ஹிப் தொடங்கிய இம்மென்பொருள் இன்று கைத்தொலைபேசிகள் பெரும்பாலானவற்றுள்ளும் உறைகின்றது. 2009இல் அதன் கருப்பகுதி விமான நியமம் வேண்டும் அந்தக் கடும் பரப்பில் 100 வீதத்தை எய்தியது. 2023இன் கணக்குப்படி, ஏறத்தாழ 1,56,000 வரிகள் கொண்ட நிரலுக்கு அதன் 590 மடங்கு சோதனை நிரல் இருந்தது. பரப்பை இதனினும் சிரத்தையோடு பேணிய திறந்த மென்பொருளைக் காண்பது அரிது. எனினும் 2015இல் மிஹாவ் சலெவ்ஸ்கி தாம் ஆக்கிய 'அமெரிக்கன் ஃபஸி லொப்' என்னும் கருவியை அதன்மீது ஏவியபோது, 22 உள்ளீடுகள் அதனை நிலைகுலையச் செய்தன. ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு நிபந்தனையும் இயங்கியிருந்தன. ஆயின் வழுவை எழுப்பும் விழுமியங்களோடு அவை இயங்கியிருக்கவில்லை.

விமரிசகர் பலர் இவ்வளவோடு நின்று பரப்பை எள்ளுவர். அது அவசர முடிபாகும். சலெவ்ஸ்கியின் கருவி வழுக்களைக் கண்டதே பரப்பின் துணையால்தான். அது உள்ளீட்டைச் சிறிது சிறிதாகத் திரித்து நிரலுக்கு ஊட்டும். முன்பு செல்லாத கிளையொன்றில் நிரல் செல்லுமாயின் அவ்வுள்ளீட்டைப் பேணி மேலும் திரிக்கும். பரப்பு இங்குத் தேடலின் திசைகாட்டியாக உள்ளது. புள்ளியாக வைத்தவிடத்து ஏமாற்றிய அதே அளவை, இன்னும் செல்லாத இடம் எது என வினவியவிடத்துப் பயன்தந்தது.

எஸ்.கியூ.லைற் ஆக்குநர்கள் இவ்வனுபவத்தை மறைக்கவில்லை. கடும் பரப்பை வேண்டுவது, ஒருபோதும் நிகழாதெனக் கருதப்படும் நிலைக்கான காப்பு நிபந்தனைகளை எழுதவிடாது தடுக்கும். ஏனெனில் அவற்றை எந்தச் சோதனையாலும் இயக்கவியலாது. தீயநோக்குடைய உள்ளீட்டை எதிர்கொள்வதற்கோ அத்தகைய காப்புகளே வேண்டும். இம்முரணை அவர்கள் தம் ஆவணத்திலேயே எடுத்துரைத்துள்ளனர். காப்பு நிபந்தனைகளுக்கெனத் தனிக் குறியீடுகளை வைத்து, பரப்பைக் கணிக்கும்போது அவற்றை மாறிலிகளாக்கியும், வழுத்தேடும்போது மீறினால் நிறுத்துமாறு செய்தும், வெளியிடும்போது மெய்யான நிபந்தனைகளாகவே விட்டும் மூன்று வகையாகத் தொகுக்கின்றனர். மூன்றின் மீதும் சோதனைகளை நடத்தி விடைகள் ஒன்றேயா என ஒப்புநோக்குகின்றனர். திரித்தூட்டும் கருவிகள் கண்டெடுத்த உள்ளீடுகளுள் புதிய நடத்தையை வெளிக்கொணர்ந்தவை தெரிந்தெடுக்கப்பட்டு, ஒவ்வொரு வழமைச் சோதனையின்போதும் மீண்டும் இயக்கப்படுகின்றன.