உலக உருண்டையும் நொடிமுள்ளும்: அலைவரிசை அடையாளக் காட்சிகள் குறித்த பார்வையாளர் கருத்துகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தொலைக்காட்சி அலைவரிசைகளின் அடையாளக் காட்சிகளையும் திரைக் கடிகாரங்களையும் பற்றிப் பார்வையாளர் கூறும் கருத்துகளைப் பழமை ஏக்கம் என்று ஒதுக்குவது எளிது. பிரித்தானியாவின் பி.பி.சி. வரலாற்றைச் சான்றாகக் கொண்டு, அக்கருத்துகளில் நினைவு, உரிமை, மெய்ம்மை என்னும் மூவகை மதிப்பீடுகள் கலந்துள்ளன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: அடையாளக் காட்சி, திரைக் கடிகாரம், பார்வையாளர் கருத்து, பி.பி.சி., பழமை ஏக்கம்

முன்னுரை

ஒரு நிகழ்ச்சி முடிந்து மற்றொன்று தொடங்கும் முன், அலைவரிசை தன் சின்னத்தையும் பெயரையும் காட்டும் சில நொடிப் படமே அடையாளக் காட்சி எனப்படுகிறது. செய்திக்கு முன்னர்த் தோன்றிய கடிகாரமும் இவ்வகையைச் சார்ந்ததே. இவற்றை வடிவமைத்தோர் பெயர் திரையில் வருவதில்லை. நிகழ்ச்சி நிரலிலும் இவை இடம்பெறுவதில்லை. ஆயினும் எந்த நாடகத்தையும்விட மிகுதியான முறை பார்வையாளர் கண்ட படைப்புகள் இவையே. எனவே இவை மாறும்போதும் மறையும்போதும் கருத்துகள் எழுகின்றன. அக்கருத்துகளை ஆய்வுத் தரவாகக் கொள்ளலாமா, கொண்டால் எவ்வாறு பகுத்துப் படிப்பது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

நினைவு என்னும் மதிப்பீடு

பி.பி.சி.யின் முதல் அலைவரிசை 1963 முதல் 2002 வரை ஏதேனும் ஒரு வடிவில் உலக உருண்டையைத் தன் சின்னமாகக் காட்டிவந்தது. 1969இல் வண்ண ஒளிபரப்பை ஒட்டி, பின்னணியில் வளைந்த கண்ணாடியுடன் சுழலும் உருண்டை வந்தது. அது ஒளிப்படக் கருவியின் முன் இயங்கிய உண்மையான பொறியமைப்பு. 1985இல் கணினி வரைந்த உருண்டையும், 1997இல் உலகப்படம் தீட்டப்பட்ட வெப்பக்காற்றுப் பலூனும் அதனைத் தொடர்ந்தன. ‘பழைய உருண்டையே சிறந்தது’ என்று ஒருவர் கூறினால், அவர் எந்த உருண்டையைக் குறிக்கிறார் என்பதை அவர் பிறந்த ஆண்டே பெரும்பாலும் முடிவுசெய்யும். இவ்வகைக் கருத்தில் பழமை ஏக்கம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும், எல்லா மாற்றங்களையும் பார்வையாளர் வெறுத்தனர் என்பது உண்மையன்று. 1991 பிப்ரவரியில் மார்ட்டின் லாம்பி-நாயர்ன் குழுவினர் பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசைக்கு ‘2’ என்னும் எண்ணையே கதைமாந்தராக்கினர். அவ்வெண் வண்ணப்பூச்சில் நனைந்தது. கத்தியாகித் தரையில் குத்தி நின்றது. பட்டுத்துணியின் கீழ் அசைந்தது. நிகழ்ச்சிகள் பெரிதும் மாறாத நிலையிலும், இறுக்கமானது என்று கருதப்பட்ட அலைவரிசையைப் பார்வையாளர் நகைச்சுவை உணர்வுள்ளதாகக் காணத் தொடங்கினர். 2014இல் பொன்விழாவை முன்னிட்டு மீண்டும் காட்டப்பட்ட அக்காட்சிகள், விழா முடிந்த பின்னும் 2018 வரை நீடித்தன. ஏக்கம் மட்டுமே காரணமாயின் அவை விழாவோடு முடிந்திருக்கும். வடிவத்தின் தரத்தை மதிப்பிட்ட தீர்ப்பும் இதனுள் அடங்கியுள்ளது எனக் கொள்வதே பொருத்தம்.

உரிமை என்னும் மதிப்பீடு

2002 மார்ச்சில் உலக உருண்டை நீக்கப்பட்டு, பல்வேறு பண்பாடுகளைச் சார்ந்த ஆடற்காட்சிகள் முதல் அலைவரிசையின் அடையாளமாயின. இதனை எதிர்த்தோரும் ஆதரித்தோரும் வடிவழகைப் பற்றியே பேசியதாகத் தோன்றினாலும், வாதத்தின் மையம் வேறு. ‘ஒரு நாட்டின் பொது அலைவரிசை யாரை நாம் என்று காட்டுகிறது?’ என்பதே அங்கு எழுந்த வினா. உரிமக் கட்டணம் செலுத்தும் குடும்பம் தன்னை வாடிக்கையாளராக மட்டும் கருதாமல், நிறுவனத்தின் பங்காளராகவும் கருதுகிறது. ஆகவே சின்னத்தை மாற்றுவது தன்னைக் கேளாமல் வீட்டின் முகப்பை மாற்றியதாக அதற்குப் படுகிறது.

இந்தியப் பொது ஒளிபரப்பிலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. 2024 ஏப்ரலில் தூர்தர்ஷனின் செய்தி அலைவரிசை தன் சின்னத்தைச் சிவப்பிலிருந்து வேறு நிறத்திற்கு மாற்றியது. நிறுவனத் தரப்பு அதனைச் செம்மஞ்சள் என்றது. எதிர்த்தோர் காவி என்றனர். ஒரே நிறத்திற்கு இரு பெயர்கள் வழங்கப்பட்டதே, அது கண்ணின் சுவை பற்றிய விவாதமாக நின்றுவிடவில்லை என்பதைக் காட்டுகிறது.

மெய்ம்மை என்னும் மதிப்பீடு

கடிகாரம் பற்றிய கருத்துகளே ஆய்வாளர் மிகுதியும் கவனிக்க வேண்டியவை. சின்னம் அழகாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடிகாரமோ சரியாக இருந்தாக வேண்டும். செய்திக்கு முன் தோன்றிய கடிகாரத்தைக் கொண்டு வீட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள முடிந்தது. பள்ளி நிகழ்ச்சிகளுக்கு முன் காட்டப்பட்ட, எஞ்சிய நேரத்தைக் குறைத்துக்கொண்டே வரும் கடிகாரம் ஆசிரியருக்கு வகுப்பை அமைதிப்படுத்த உதவியது. 1983இல் தொடங்கிய காலை நிகழ்ச்சிகளின் திரையோர நேரம், பணிக்குப் புறப்படுவோருக்குப் பயன்பட்டது.

நொடிமுள்ளுடன் கூடிய கடிகாரம் மறைந்ததற்கு வடிவமைப்பு நாகரிகம் மட்டும் காரணமன்று. டிஜிட்டல் ஒளிபரப்பில் படத்தைச் சுருக்கி அனுப்பி, பெறும் கருவியில் விரிப்பதற்குச் சில நொடிகள் ஆகின்றன. அத்தாமதம் வானலை, செயற்கைக்கோள், இணையம் ஆகிய வழிகளுக்கேற்பவும் கருவிகளுக்கேற்பவும் வேறுபடுகிறது. அடுத்தடுத்த இரு வீடுகளில் ஒரே நொடிமுள் இரு வேறு நேரங்களில் பன்னிரண்டைத் தொடும். எனவே இன்று நேரம் காட்டும் செய்தி அலைவரிசைகள் பொதுவாக மணியையும் நிமிடத்தையும் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன.

பார்வையாளர் இம்மெய்ம்மையை எவ்வளவு கண்டிப்புடன் எதிர்பார்க்கின்றனர் என்பதற்கு 2013இல் நிகழ்ந்தது ஒன்று சான்றாகும். பி.பி.சி. இணையதள முகப்பிலிருந்த கடிகாரம் பயனரின் கணினி நேரத்தையே எடுத்துக் காட்டியதால், அது தவறான நேரத்தைக் காட்டக்கூடும் என்று முறையீடு எழுந்தது. அதனைத் திருத்த ஏறத்தாழ 100 பணிநாள்கள் ஆகும் என்று கூறிய நிறுவனம், இறுதியில் கடிகாரத்தையே அகற்றியது. இங்கே முறையிட்டவர் பழமைக்கு ஏங்கவில்லை. நிறுவனத்தின் பெயரால் காட்டப்படும் நேரம் உண்மையாக இருக்க வேண்டும் என்றே கேட்டார். ‘கடிகாரம் மீண்டும் வேண்டும்’ என்னும் கோரிக்கையையும் இவ்வொளியில் படிக்க வேண்டும். நாடு முழுவதும் ஒரே நொடியை ஒருங்கே கண்ட நிலையை அது கேட்கிறது. அந்நிலையை இன்றைய தொழில்நுட்பத்தால் திருப்பித் தர இயலாது என்பது, அக்கோரிக்கையைப் பொருளற்றதாக்கிவிடாது.

முடிவுரை

இத்தகைய கருத்துகளுக்கு ஓர் எல்லை உண்டு. அடையாளக் காட்சிகளைப் பற்றி முன்வந்து பேசுவோர் ஆர்வலர். பேசாத பெரும்பான்மையோரின் எண்ணத்தை அவர்களைக் கொண்டு முடிவுசெய்ய முடியாது. ஆயினும் அவர்கள் கூறுவதில் எது நினைவு, எது உரிமை, எது மெய்ம்மை என்று பிரித்தறிந்தால், ஓர் ஒளிபரப்பு நிறுவனத்திடம் மக்கள் எதிர்பார்த்தது என்ன என்பது புலனாகும். சென்னையில் 1975இல் தொடங்கிய தொலைக்காட்சியின் வரலாற்றை எழுத முனைவோர் நிகழ்ச்சிகளோடு இவ்விடைக்காட்சிகளையும், அவற்றைக் கண்டோரின் சொற்களையும் திரட்டுதல் வேண்டும். கருத்துரைப்போரிடம் ‘எது பிடித்தது’ என்று கேட்பதோடு அமையாமல், ‘அதனை எதற்குப் பயன்படுத்தினீர்கள்’ என்றும் கேட்பது அத்திரட்டலுக்கு ஏற்ற முதல் வினாவாகும்.