ஊசி தேடும் எந்திரமும் ஊசி உடைந்த டேபிளும்

குழந்தைகளுக்கான பனியன் துணிகளை ஏற்றுமதி செய்யும் திருப்பூர் கம்பெனிகளில், பேக்கிங் பகுதிக்குப் போகும் வழியில் நீடில் டிடெக்டர் நிற்கிறது. ஓவர்லாக் மெஷினிலோ பேட்லாக் மெஷினிலோ உடைந்த ஊசியின் துணுக்கு தையலுக்குள் சிக்கி, கடல் கடந்து போய் ஒரு கைக்குழந்தையின் கழுத்தில் குத்திவிடக் கூடாது என்பதற்காகவே அது அங்கே இருக்கிறது. பொருளின் குறைபாட்டால் விளையும் தீங்குக்குத் தயாரிப்பாளரோடு இறக்குமதியாளரையும் பொறுப்பாக்கும் சட்டத்தை ஜப்பான் 1994இல் இயற்றி, 1995 ஜூலையில் நடைமுறைப்படுத்தியது. இத்தகைய பொறுப்பைச் சுமக்கும் பையர்கள் சோதனையை வலியுறுத்துவது முற்றிலும் நியாயம். ஆனால் எந்திரத்தை வாங்குவதில் காட்டும் அக்கறை ஊசி உடையும் டேபிளிலும் காட்டப்படாவிட்டால், அந்தச் சோதனை பாதிதான் பலன் தரும்.

எந்திரத்தின் திறனை 1.0 மி.மீ., 1.2 மி.மீ. என்று இரும்புக் குண்டின் விட்டத்தால் சொல்கிறார்கள். வாங்குபவர் கண்ணும் அந்த எண்ணிலேயே நிற்கிறது. குண்டை எப்படித் திருப்பினாலும் அது ஒன்றுபோலவே தெரியும். ஊசித் துணுக்கு அப்படியல்ல, அது கிடக்கும் திசையைப் பொறுத்து சமிக்ஞை கூடும், குறையும். 75ஆம் நம்பர் ஊசியின் தண்டு முக்கால் மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் கூர்முனையில் ஒரு மில்லிமீட்டர் ஒடிந்தால், அதிலுள்ள இரும்பு அந்தக் குண்டில் இருப்பதைவிடக் குறைவு. எந்திரத்தின் சுரங்கம்போன்ற வாய்க்குள் உணர்வியிலிருந்து தள்ளிப் போகப் போகத் திறனும் தளரும். இடம், நடு, வலம் என்றும் மேல், நடு, கீழ் என்றும் ஒன்பது புள்ளிகளில் சோதனை அட்டையை ஓட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். அதைக் கையெழுத்துப் போடும் சடங்காக்கிவிட்டால் எந்த விலை எந்திரமும் வீண்.

எல்லா உலோகத்தையும் பிடிக்கும் கருவி வாங்கினால் என்ன என்று கேட்கலாம். துணியில் பித்தளை ஜிப்பும் ஸ்னாப் பட்டனும் இருந்தால் அத்தகைய கருவி ஒவ்வொரு பீஸுக்கும் கத்தும். காந்தத்துக்கு மசியும் உலோகத்தை மட்டும் தேடும் கருவியே இங்கே பொருத்தம். ஊசி எஃகால் ஆனது என்பதால் அது போதும். அதற்கு ஈடாக, காந்தம் ஈர்க்காத பட்டனையும் ஜிப்பையும் மெர்ச்சண்டைசர் ஆர்டரின் தொடக்கத்திலேயே உறுதிசெய்ய வேண்டும். டிடெக்டரைக் கடந்த துணி இருக்கும் இடத்தில் ஸ்டேப்ளர் பின்னுக்கும் இடமில்லை.

உண்மையான பலம் ஊசிப் பதிவேட்டில் இருக்கிறது. பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புதியது கிடைக்கும். உடைந்த துண்டுகளை டேப் போட்டு ஒட்டி, முழு ஊசி சேர்ந்ததா என்று பார்ப்பார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த பண்டலைத் தனியே வைத்துத் தேடுவார்கள். இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது பயம். பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லருக்குத் தேடும் நேரம் கூலி இழப்பு. அதன்மேல் சூப்பர்வைசரின் ஏச்சும் அபராதமும் சேர்ந்தால், துண்டை மறைப்பதே அவருக்கு லாபமாகிவிடுகிறது. அபராதம் இல்லாவிட்டால் கவனம் குறையும் என்று நிர்வாகம் சொல்லலாம். ஆனால் தடித்த மடிப்பிலும், தேய்ந்த ஊசியிலும், சரியாகப் பொருத்தாத மெஷினிலும் கவனமானவர் கையிலும் ஊசி உடையும். எந்த டேபிளில் அடிக்கடி உடைகிறது என்பதை அந்தப் பதிவேடு காட்ட வேண்டும். பயந்து எழுதிய பதிவேடு அதைக் காட்டாது.

சிறிய ஜாப் ஒர்க் யூனிட்டுகளால் பெரிய டிடெக்டர் வாங்க முடியாது என்பது நியாயமான மறுப்பு. பதிவேட்டுக்கோ ஒரு நோட்டும் டேப்பும் போதும். ஆர்டர் கொடுக்கும் கம்பெனி தன் எந்திரத்தில் சிக்கிய ஒவ்வொரு துணுக்கையும் அது தைக்கப்பட்ட யூனிட் வரை பின்தொடர்ந்து போக வேண்டும். பண்டலைத் தேடும் நேரத்துக்கான கூலியையும் அந்தக் கம்பெனியே தைப்புக் கூலியோடு சேர்த்துத் தர வேண்டும்.