ஒரே கை போட்ட இரண்டு கையெழுத்து

இடதுசாரிக் கட்சியின் நிதியமைச்சர் ஒருவர், பதவி போனபிறகு வங்கித் தலைவராகவும் கம்பெனி இயக்குநராகவும் ஆகிவிட்டால் அதற்கு நம்மிடம் ஒரு சொல் தயாராக இருக்கிறது: துரோகம். 'ஆளு மாறிட்டாரு' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இந்தச் சொல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை ஸ்பெயினின் மிகேல் போயெரை (1939-2014) வைத்துப் பார்க்கலாம்.

குடியரசு ஆதரவுக் குடும்பம். பிறந்தது எல்லைக்கு அப்பால், பிரெஞ்சு மண்ணில். இயற்பியலும் பொருளாதாரமும் படித்தவர். ஃபிராங்கோவின் சர்வாதிகாரத்தில் தடைசெய்யப்பட்டிருந்த சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சியில் சேர்ந்து 1962இல் சிறைக்கும் போனவர். பிறகு மத்திய வங்கியின் ஆய்வுத்துறை, அரசுத் தொழில் நிறுவனங்கள். 1982 அக்டோபர் தேர்தலில் கட்சி 350 இடங்களில் 202ஐ வென்றது. எட்டு லட்சம் வேலைகளை உருவாக்குவோம் என்பது வாக்குறுதி. ஃபெலிப்பே கொன்சாலெஸின் அமைச்சரவையில் பொருளாதாரம், நிதி, வணிகம் மூன்றும் போயெர் கையில்.

இரண்டு கையெழுத்துகளால் அவர் பெயர் நிலைத்தது. முதலாவது, 1983 பிப்ரவரி 23இல் ரூமாஸா குழுமத்தை அரசு பறிமுதல் செய்தது. ஹோசே மரியா ரூயிஸ்-மத்தேயோஸின் சாம்ராஜ்யம் அது. ஏறத்தாழ இருபது வங்கிகள், எழுநூறு நிறுவனங்கள், 60,000 தொழிலாளர்கள். அரசியல் சாசன நீதிமன்றத்தில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிய, தலைவரின் தீர்மான வாக்கால்தான் ஆணை பிழைத்தது. இரண்டாவது, 1985 ஏப்ரல் 30இல் வந்த 'போயெர் ஆணை'. குடியிருப்பவர் விரும்பும்வரை வாடகை ஒப்பந்தம் தானே நீளும் என்ற பாதுகாப்பு, ஃபிராங்கோ காலத்து 1964ஆம் ஆண்டுச் சட்டத்தில்கூட இருந்தது. புதிய ஒப்பந்தங்களுக்கு அது இனிக் கட்டாயமில்லை என்றது ஒரு சோஷலிஸ்ட் அமைச்சரின் ஆணை.

முதலாவது இடதுசாரிப் போயெர், இரண்டாவது மாறிப்போன போயெர் என்று படிப்பது சுலபம். இடையே இருப்பதோ இருபத்தாறே மாதம். ரூமாஸாவுக்கு அப்புறம் என்ன நடந்தது? நட்டத்தை மக்கள் பணம் சுமந்தது; சுத்தமான நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தனியாருக்குப் போயின. கலேரியாஸ் பிரெசியாதோஸ் என்ற பெரிய கடைத்தொடரை 1984இல் வெனிசுவேலாவின் சிஸ்னெரோஸ் குழுமம் 75 கோடி பெசெத்தாவுக்கு வாங்கியது. சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றிடம் பல மடங்கு விலைக்கு விற்றுவிட்டது.

பறிமுதல் தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தக் குழுமம் தானே சரிந்திருந்தால் முதலில் நசுங்கியிருப்பவர்கள் வைப்புப் பணம் போட்டவர்களும் தொழிலாளிகளும்தான். ஆனால் காப்பாற்றியதை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. வங்கி அமைப்பின் மீது நம்பிக்கை குலையக்கூடாது என்பது முதல் கையெழுத்தின் தர்க்கம். வீட்டுச் சந்தை தடையில்லாமல் ஓட வேண்டும் என்பது இரண்டாவதன் தர்க்கம். இரண்டும் ஒரே சொல்லாடல்.

எதிரணியின் தலைமைகளை ஆளும் அணி தனக்குள் இழுத்துச் செரித்துக்கொள்வதை கிராம்ஷி 'உருமாற்றவாதம்' என்றார். போயெர் விஷயத்தில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: நிபுணர் என்ற இருக்கை. பணவீக்கம், பற்றாக்குறை, நம்பிக்கை என்று அங்கிருந்து பேசினால் அது யதார்த்தம். வேலை, ஓய்வூதியம், வீடு என்று கீழேயிருந்து பேசினால் அது வெறும் ஆசை. பணவீக்கம் குறைந்தது உண்மைதான். வேலையின்மையோ 1985இல் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. ஓய்வூதியக் குறைப்பை எதிர்த்து அந்த ஜூன் 20இல் தொழிலாளர் கமிஷன்கள் பொது வேலைநிறுத்தம் செய்தன. கட்சியின் சகோதரச் சங்கத் தலைவரும் அதன் நாடாளுமன்ற உறுப்பினருமான நிக்கோலாஸ் ரெதோந்தோவே அந்த மசோதாவுக்கு எதிராக வாக்களித்தார்.

ஜூலையில் போயெர் விலகினார். அப்புறம் அரசின் பெரும்பங்கு இருந்த பாங்கோ எக்ஸ்தெரியோர் வங்கியின் தலைவர். பிறகு தனியார் மூலதன நிறுவனங்கள். எரிபொருள் குழாய் நிறுவனம். கடைசியில் மின்கடத்தல் நிறுவனத்தின் இயக்குநர் குழு. நாற்காலி மாறிக்கொண்டே போனது. பேசிய பாஷை மத்திய வங்கியின் ஆய்வுத்துறையில் கற்றது.

அதனால்தான் துரோகம் என்ற சொல் நமக்கு ஆறுதலாக இருக்கிறது. விசுவாசமான ஒரு தோழரை உட்கார வைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று அது நம்மை நம்ப வைக்கிறது. இருக்கையைப் பற்றிக் கேட்காமல் தப்பித்துக்கொள்கிறோம்.

1994இல் வந்த புதிய சட்டம் வாடகைதாரருக்கு ஐந்தாண்டுப் பாதுகாப்பைத் திருப்பிக் கொடுத்தது. காலவரையற்ற நீட்டிப்பு திரும்பி வரவில்லை. 2024 அக்டோபர் 13இல் வாடகை உயர்வை எதிர்த்து மட்ரித் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் இறங்கினார்கள். எல்லாப் பழியையும் ஒரு பழைய ஆணைமேல் போட முடியாது. ஆனால் வீடு என்பது கெடு முடிந்தால் காலி செய்ய வேண்டிய ஒப்பந்தம் என்ற நியாயத்தில் கையெழுத்துப் போட்டவர் ஒரு முன்னாள் அரசியல் கைதி. நம் ஆளை நிதியமைச்சராக்குவது பற்றிப் பேசும்போதெல்லாம், அவர் எந்தப் பாஷையில் கணக்குப் போடப்போகிறார் என்று முதலில் கேட்போம்.