பல்லில் குடியேறிய இருவர்

குழந்தைகளுக்குப் பல் சுகாதாரம் போதிக்கவென்றே எழுதப்படும் கதைகள் பெரும்பாலும் கதையாகவும் தேறுவதில்லை, சுகாதாரமாகவும் தேறுவதில்லை. பல் துலக்கும் நல்ல பையன் ஒருவன், துலக்காத கெட்ட பையன் ஒருவன், கடைசிப் பக்கத்தில் டாக்டர் மாமா. படிக்கும் குழந்தைக்குக் கொட்டாவி வரும். இந்தக் கூட்டத்தில் ஒரு சிறு புத்தகம் தனித்து நிற்கிறது. 1949-இல் நார்வே நாட்டின் தோர்பியோர்ன் எக்னர் தாமே எழுதி, தாமே படம் வரைந்து வெளியிட்ட 'கரியுஸும் பாக்டுஸும்' என்ற நூல்தான் அது. 1954-இல் ஈவோ கப்ரீனோ அதைப் பொம்மைகளைக் கொண்டு திரைப்படமாக எடுத்தார். 75 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நாட்டுக் குழந்தைகளுக்கு இந்த இரண்டு பெயர்களும் தெரியும். இவ்வளவு வெற்றி கண்ட ஒரு நூலை விஞ்ஞானக் கண்கொண்டு பார்த்தால் எவ்வளவு தேறும்? வாருங்கள், பார்ப்போம்.

முதலில் கதை. யென்ஸ் என்று ஒரு சிறுவன். அவன் பற்களுக்குள் மிகச் சிறிய இரண்டு குட்டிப் பூதங்கள் குடியிருக்கின்றன. கறுப்பு முடிக்காரன் கரியுஸ், சிவப்பு முடிக்காரன் பாக்டுஸ். பெயர்களே பாதிப் பாடம்: பற்சிதைவைக் குறிக்கும் மருத்துவச் சொல்லான 'கேரிஸ்' என்பதிலிருந்து ஒன்று, 'பாக்டீரியா'விலிருந்து மற்றொன்று. யென்ஸ் வெள்ளை ரொட்டியில் சர்க்கரைப்பாகு ஊற்றித் தின்னும்போதெல்லாம் உள்ளே விருந்து. இருவரும் பல்லைக் கொத்திக் கொத்தி வீடு கட்டுகிறார்கள். "பல் துலக்கு" என்று அம்மா சொன்னால், துலக்காதே என்று உள்ளிருந்து கூச்சல் போடுகிறார்கள். யென்ஸுக்குப் பல்வலி வருகிறது. பல் வைத்தியர் பொத்தல்களை அடைக்கிறார், வீடுகள் போகின்றன. பிறகு பிரஷ் வந்து இருவரையும் பெருக்கித் தள்ள, தண்ணீரோடு போய்க் கடலில் சேருகிறார்கள்.

எக்னரின் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது தெரியுமா? அவர் இந்த இருவரையும் ராட்சசர்களாக ஆக்கவில்லை. அவர்கள் பசிக்குச் சாப்பிடுகிறார்கள், வீடு கட்டுகிறார்கள், வீடு போனதும் திண்டாடுகிறார்கள். படிக்கிற குழந்தைக்கு அவர்கள்மேல் கொஞ்சம் இரக்கம்கூடப் பிறக்கிறது. சுகாதாரப் பாடத்துக்கு இது ஆபத்தில்லையா என்று கேட்கலாம். என் கருத்தில் அந்த இரக்கம்தான் நூலின் உயிர். நோயைப் பேயாகக் காட்டியிருந்தால் குழந்தை பயந்துவிட்டு மறந்துவிடும். இங்கே அது மறக்காமல் கொண்டுபோவது ஒரு நல்ல விஞ்ஞானக் கருத்தை: பல்லைக் கெடுக்கும் உயிர்களுக்கும் தீனி வேண்டும், அந்தத் தீனி நாம் தின்னும் இனிப்பு. பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கரான வில்லோபி மில்லர் 1890-இல் வெளியிட்ட நூலில் சொன்னதும் சாரத்தில் இதுவே. வாயிலுள்ள பாக்டீரியாக்கள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் நொதிக்கச் செய்து அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது என்றார் அவர்.

நம் வீடுகளிலும் இப்படியொரு கதை உண்டு என்பதை நீங்கள் இதற்குள் நினைத்திருப்பீர்கள். "மிட்டாய் தின்னாதே, பல்லில் பூச்சி விழும்" என்று கேட்காமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை யார்? கண்டங்கத்தரி விதையைத் தணலில் இட்டு, அந்தப் புகையை வாய்க்குள் பிடித்தால் பூச்சி உதிரும் என்ற வைத்தியமும் நம்மிடம் இருந்தது. ஐரோப்பாவிலும் பல்புழு நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. பியேர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுப் பல் வைத்தியர், நுண்ணோக்கி கொண்டு தேடியும் தமக்குப் புழு அகப்படவில்லை என்று 1728-இல் எழுதினார். சொத்தைக்குள் புழு இல்லை. ஆனாலும் எக்னரின் பூதங்கள் அந்தப் பழைய புழுவின் பேரப்பிள்ளைகளே. என்னுடைய முதல் குறை இங்கே தொடங்குகிறது.

கொத்துகிற கருவிதான் குறை. குழந்தைக் கதையில் பாக்டீரியாவுக்குக் கையும் காலும் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கொத்தினால் விழுவது குழி. விழுந்த குழி தானாக மூடாது. நடப்பது வேறு. பல்லின் மேலுறையான எனாமல், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகங்களால் ஆனது. வாயின் அமில அளவு, பி.எச். கணக்கில் சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் இந்த உப்புகள் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன. சர்க்கரை உள்ளே போன சில நிமிடங்களில் இது நிகழும். பிறகு உமிழ்நீர் அமிலத்தை மட்டுப்படுத்துகிறது, தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திருப்பிக் கொடுக்கிறது. பழைய நிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ஆக, பல் என்பது இடிக்கப்படும் சுவர் அல்ல, வரவும் செலவும் உள்ள கணக்குப் புத்தகம். பல நாள், பல மாதம் செலவே மிஞ்சினால்தான் பொத்தல்.

இது வெறும் சொல் விவகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். பொத்தல் விழுவதற்கு முன் ஒரு கட்டம் இருக்கிறது. ஈறை ஒட்டி, மேல் முன்பற்களில், சுண்ணாம்பு தடவினாற்போல் பளபளப்பில்லாத வெள்ளைக் கோடு தெரியும். அந்தக் கட்டத்தில் கணக்கைத் திருப்பிவிடலாம். இனிப்பின் தடவைகளைக் குறைத்து, ஃபுளோரைடு உள்ள பசையால் துலக்கிவந்தால் அந்த இடம் மீண்டும் இறுகும். துளை போடவும் வேண்டாம், அடைக்கவும் வேண்டாம். இதைக் காண விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. குழந்தையை மடியில் கிடத்தி, மேலுதட்டை விரலால் தூக்கி, வெளிச்சத்தில் பாருங்கள், போதும். பூச்சியைத் தேடுகிற தாய் கறுப்புப் பொட்டைத்தான் தேடுவார், வெள்ளைக் கோட்டைக் கண்டால் "சுத்தமாக இருக்கிறது" என்று திருப்திப்படுவார். வலி வந்த பிறகுதான் வைத்தியர் வரவேண்டும் என்று யென்ஸின் கதை சொல்லாமல் சொல்கிறது. அதுவரை காத்திருந்தால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும்.

இரண்டாவது குறை அந்தக் கடல். கதையின் மிக அழகான காட்சி அது; விஞ்ஞானத்தில் மிகப் பலவீனமான இடமும் அதுவே. பாக்டீரியாக்களை வாயிலிருந்து துரத்திவிட முடியாது. நன்றாகத் துலக்கிய பல்லிலும் சில மணி நேரத்தில் அவை மீண்டும் ஒட்டத் தொடங்கிவிடும். அவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தீங்கற்ற குடித்தனக்காரர்கள். 1924-இல் கிளார்க் என்ற ஆங்கிலேயர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்த 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' நெடுநாள் முதல் குற்றவாளியாகக் கருதப்பட்டது. சர்க்கரையைக் கொண்டு பிசின் செய்து பல்லில் ஒட்டிக்கொள்ளும் திறமை அதற்கு உண்டு. ஆனால் ஒரே ஓர் இனத்தின் வேலை அல்ல இது. அடிக்கடி சர்க்கரை கிடைக்கும் வாயில் அமிலத்தைத் தாங்கும் இனங்கள் எல்லாம் பெருகி, மற்றவை ஒடுங்கிவிடுகின்றன என்பதுதான் இன்றைய விளக்கம். ஆகவே இருவரையும் கடலில் தள்ளிவிட்டோம், கதை முடிந்தது என்று நிம்மதி அடைய வழியில்லை. மறுநாள் காலையில் அவர்கள் வாசலில் நிற்பார்கள். பாகு ஊற்றுகிறோமா இல்லையா என்பதே கேள்வி.

யார் ஊற்றுகிறார்கள்? என்னுடைய பெரிய வழக்கு இதுதான். கதையில் அம்மா "துலக்கு" என்கிறார், பையன் கேட்கவில்லை, வலி வருகிறது. குற்றம் பையன் தலையில். பாகு வீட்டுக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நார்வேக்காரர்களே இதைக் கேட்டிருக்க வேண்டும்; ஏனென்றால் அவர்களுக்கு அப்போதுதான் ஓர் அரிய பாடம் கிடைத்திருந்தது. 1940 முதல் 1945 வரை ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின்போது அங்கே சர்க்கரைக்குப் பங்கீடு. அந்தக் காலத்தில் பள்ளிக் குழந்தைகளின் சொத்தைப் பற்கள் குறைந்தன. போருக்குப் பின் சர்க்கரை திரும்பியது, சொத்தையும் திரும்பியது. குட்டோர்ம் தோவருட் என்ற பல் மருத்துவப் பேராசிரியர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்த ஆண்டுகளில் குழந்தைகள் திடீரென்று ஒழுக்கசீலர்களாக மாறிவிடவில்லை. கடையில் சர்க்கரை இல்லை, அவ்வளவுதான்.

பக்கத்து நாடான ஸ்வீடனில் மற்றொரு சோதனை நடந்தது. லுண்ட் நகரின் விபெஹோல்ம் என்ற மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில், அங்கிருந்தவர்களுக்கு ஒட்டும் மிட்டாய்களைக் கொடுத்துப் பற்கள் கெடுவதைக் கணக்கெடுத்தார்கள். அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டுச் செய்ததல்ல. இன்று அப்படி ஒரு சோதனைக்கு இடமே இல்லை, இருக்கவும் கூடாது. 1954-இல் வெளிவந்த முடிவு: சாப்பாட்டோடு சேர்த்து உண்ட சர்க்கரையால் கெடுதல் குறைவு, சாப்பாட்டுக்கு இடையில் அடிக்கடி உண்ட, பல்லில் ஒட்டும் இனிப்பால் கெடுதல் மிக அதிகம். எக்னரின் நூல் இதற்கு ஐந்தாண்டு முந்தியது, எனவே இதைச் சொல்லவில்லை என்று அவரைக் குறைகூற முடியாது. ஆனால் இன்று அந்தக் கதையைச் சொல்லும் பெரியவர்கள் சேர்த்துச் சொல்லலாமே. கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் பிஸ்கட், பத்து மணிக்கு மிட்டாய், மதியத்துக்குப் பின் இனிப்புப் பானம், அழுதால் ஒரு சாக்லெட் என்று நாளில் எட்டுத் தடவை இனிப்பு போனால், தடவைக்கு அரை மணி வைத்தாலும் நான்கு மணி நேரம் பல் கரைந்துகொண்டிருக்கிறது. அதே அளவு இனிப்பை மதியச் சாப்பாட்டோடு ஒரே முறை கொடுத்தால் செலவு மிகக் குறைவு.

மேலும் யென்ஸ் தானே பிரஷ் பிடிக்கும் வயதுப் பையன். சேதம் அதற்கு வெகு முன்பே தொடங்குகிறது. ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முதல் பல் முளைக்கிறது, மூன்று வயதுக்குள் 20 பால் பற்களும் வந்துவிடுகின்றன. சீனி கலந்த பாலைப் புட்டியில் ஊற்றி, வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவிடும் பழக்கத்தைப் பற்றி இந்தக் கதையில் ஒரு சொல்லும் கிடையாது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைகிறது. பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்குகிறது. கீழ்ப் பற்களை நாக்கு மறைத்துக் காக்கிறது. அதனால்தான் இரண்டு வயதுக் குழந்தையின் மேல் முன்பற்கள் நான்கும் கரைந்து கட்டையாக நிற்க, கீழே எல்லாம் ஒழுங்காக இருப்பதைப் பார்க்கிறோம். இந்தக் குழந்தை யார் பேச்சைக் கேட்கவில்லை?

"பால் பல்தானே, விழப்போகிற பல்தானே" என்பார்கள். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருந்து, கீழே வளரும் நிரந்தரப் பற்களுக்கு இடம் காக்க வேண்டியவை. அவற்றின் எனாமல் மெல்லியது, சொத்தை விரைவாக நரம்பை எட்டும். இரவில் வலியால் தூங்காத குழந்தை, மெல்ல முடியாமல் சோற்றை ஒதுக்கும் குழந்தை, இளைத்துப்போகும் குழந்தை: இவையெல்லாம் அந்த ஒரு வாசகத்தின் விலை.

பிரஷ் விஷயத்திலும் கதை கொஞ்சம் ஏமாற்றுகிறது. ஏழெட்டு வயது வரை குழந்தையின் கைக்குப் பல்லின் எல்லாப் பக்கமும் துலக்கும் பக்குவம் கிடையாது. முதல் பல் முளைத்த நாளிலிருந்து பெரியவர்தான் துலக்கிவிட வேண்டும், குறிப்பாக இரவு படுக்குமுன். மூன்று வயதுக்குள் பசை ஓர் அரிசி அளவு, பிறகு ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும். விளம்பரங்களில் பிரஷ் நிறைய அலையலையாகப் பசை வைப்பது பசை விற்பவர்களின் அளவு. குழந்தை பாதியை விழுங்கிவிடும் என்பதால்தான் இந்தச் சிக்கனம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த ஊர்கள் பல உள்ளன. அங்கே குடியிருப்போர் எந்தப் பசை என்பதைப் பல் வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மற்ற ஊர்க்காரர்கள் டியூபின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். குழந்தைகளுக்கென்று விற்கும் சில பசைகளில் ஃபுளோரைடே கிடையாது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், இந்நூல் தமிழில் கிடைத்தால் குழந்தைக்குப் படித்துக் காட்டத் தயங்காதீர்கள். நம் 'பூச்சி'யைவிடக் கரியுஸும் பாக்டுஸும் எவ்வளவோ மேல். அவர்களுக்குப் பசி என்று ஒன்று இருக்கிறது, காரணம் என்று ஒன்று இருக்கிறது. படித்த பிறகு குழந்தையின் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். ஆறு வயதை ஒட்டிய குழந்தையானால் கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால் டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள். எந்தப் பல்லும் விழாமலே அங்கே ஒரு புதிய கடைவாய்ப்பல் முளைத்திருக்கும். அதைப் பால் பல் என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். அது ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய பல், அதற்கு மாற்றாக வேறு பல் வராது. அதன் மேற்பரப்பில் உள்ள பள்ளங்கள் ஆழமாக இருந்தால், பல் வைத்தியர் ஒருவகைப் பசையைப் பூசி மூடிவிடுவார். ஊசியும் இல்லை, துளை போடுவதும் இல்லை, சில நிமிட வேலை.