ஓர் இயற்பெயர் பொதுப்பெயரான கதை

இயற்பெயரொன்று பொதுப்பெயராகும்பொழுது மொழி தீர்ப்பும் வழங்குகின்றது. 1940 ஏப்ரல் 9ஆந் திகதி ஹிட்லரின் படைகள் நோர்வேயிற் புகுந்த அன்றே, அந்நாட்டுப் பாசிசக் கட்சித் தலைவன் குவிஸ்லிங் வானொலியிலே தன்னைப் பிரதமரென அறிவித்துக்கொண்டான். அம்மாதமே இலண்டன் பத்திரிகைகள் அவன் பெயரைத் 'துரோகி' என்னும் பொருளில் வழங்கலாயின. பின்னர் அப்பெயர் முதற் பேரெழுத்தையும் இழந்து ஆங்கில அகராதியில் ஏறிற்று. நாஸிகளின் தயவில் 1942 முதல் அரசாண்ட அவன் 1945இல் சுட்டுக்கொல்லப்பட்டான், சொல்லோ நிலைத்துவிட்டது.

இத்தீர்ப்பு நியாயமானதே. ஆயினும் அது முழுமையானதென நாம் கொள்வதற்கில்லை. பழி முழுவதையும் ஒருவன் பெயர் சுமக்க, நாஸிகளுக்கு விமானத்தளங்களும் அரண்களும் கட்டிக்கொடுத்துப் பொருள் குவித்த நோர்வே ஒப்பந்தக்காரர் அதன் பின்னே மறைந்துகொள்கின்றனர். அவர்களுக்கு அகராதியில் இடமில்லை. அவ்விடத்தை நிரப்புவது வரலாறு கற்பிக்கும் நம்மவர் கடன்.