மந்திரவாதிகளும் துரைமாரும்

கணினிவழிக் கற்பனை உலகங்களுக்குச் சட்டம் வகுப்போர் யாவர்? இவ்வினாவை எழுப்பிய முன்னோடிக் கட்டுரைகளுள் ஒன்று, ஜூலியன் டிபெல் 1993இல் நியூயோர்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் எழுதியது.

அவர் காட்டும் உலகின் பெயர் லாம்டாமூ. படமின்றிச் சொற்களாலேயே கட்டப்பட்ட மாளிகை அது. 1990இல் பவெல் கேர்ட்டிஸ் அதனை செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அமைத்தார். அதன் இயந்திரத்தை ஆள்வோருக்கு 'மந்திரவாதிகள்' என்று பெயர். குடிகளின் வழக்குகளில் இனித் தலையிடோம் என 1992 இறுதியில் அவர்கள் ஒதுங்கினர். மறு ஆண்டே ஒரு பாத்திரம் ஏனைய பாத்திரங்கள் மீது சொற்களால் பாலியல் வன்முறை புரிந்தது. குடிகள் கூடி வாதித்தனர், முடிவு பிறக்கவில்லை. மந்திரவாதி ஒருவர் தனித்தே அப்பாத்திரத்தை அழித்தார். அதன் பின்னரே விண்ணப்பமும் வாக்கெடுப்பும் வந்தன.

சிதறிக்கிடந்த கூட்டம் சமுதாயமாவதை டிபெல் நுட்பமாகச் சித்திரிக்கிறார். அச்சிறப்பை மறுப்பதற்கில்லை. எனினும் மடுல்சீமைத் தோட்டப்புறத்து வாசகராகிய நாம் முதலிற் கேட்பது வேறு: இயந்திரம் யார் கையில்?

வெள்ளைத்துரை காலத்துத் தோட்டமும் வேலியிட்ட ஓர் உலகமே. துரையின் வாய்ச்சொல்லே சட்டம். வேலை போனவனுக்கு லயத்து அறையும் போயிற்று. 1940இல் ஊவாவில் வேலைநிறுத்தங்கள் பரவியபோது, பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தமக்கெனச் சபை ஒன்றைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்தே நடப்பதாகத் துரையும் இசைந்தார். ஆயின் நிலமும் அரசும் தொழிலாளர் கையில் இல்லை. அவ்வாண்டு ஜூனில், போராட்டங்களை முன்னின்று நடத்திய லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் சிறைப்பட்டனர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரின் வாக்கையே பறித்தன.

கற்பனை உலகை வெறுத்தவன் கணினியை அணைத்துவிட்டு எழுந்து போகலாம். லயத்தில் வாழ்ந்தவனுக்கோ போக்கிடம் இல்லை. இவ்வேறுபாடு பெரிது. ஆயினும் உடைமை பற்றிய உண்மை இரண்டிற்கும் பொதுவானது. லாம்டாமூவின் குடிகள் வாக்களித்து நிறைவேற்றிய சட்டமும் மந்திரவாதிகளின் கையாலன்றிச் செயற்படாது. 1996இல் அம்மந்திரவாதிகளே, மீண்டும் தலையிடுவோம் என அறிவித்தனர்.

இன்று நம் மாணவர் உலவும் ரொப்லொக்ஸ் போன்ற உலகங்களில் நிறுவனம் விதிகளை எழுதுகிறது; மாணவர் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்துகின்றனர். ஆகவே உயர்வகுப்பு ஆசிரியர்கள் டிபெலின் கட்டுரையை வேவெஸ்ஸவின் வரலாற்றோடு சேர்த்துக் கற்பிக்கட்டும். கலந்தாலோசிக்கப்படும் உரிமை வேறு, தீர்மானிக்கும் அதிகாரம் வேறு என்பதை இளையோர் அப்போது தாமே கண்டுகொள்வர்.