சாவி அட்டையும் பெரட்டுக் களமும்

"ரூம் மூணு மணிக்குத்தான் ரெடியாகும் அங்கிள், அதுவரைக்கும் உக்காந்திருங்க" என்று முகப்பு மேசையில் இருந்த பெண் அப்பாவிடம் தமிழிலேயே சொன்னார். அப்போது மணி பதினொன்றரை. ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஜாம் இருக்கும் என்று பயந்து அப்பா கிள்ளானிலிருந்து எல்லாரையும் காலையிலேயே கிளப்பிவிட்டார். அம்மா, அக்கா, அத்தான், அக்காவின் இரண்டு பிள்ளைகள். நான் மட்டும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தனியாக ரயில் ஏறி, பஸ் மாறி வந்து சேர்ந்துகொண்டேன். பள்ளி விடுமுறை. பண்டார் சன்வேயில் தண்ணீர்ப் பூங்காவை ஒட்டிய ரிசார்ட் ஹோட்டலில் இரண்டு இரவு. எங்கள் குடும்பம் ஹோட்டலில் தங்குவது இதுதான் முதல் தடவை.

"பரவால்லம்மா, நாங்க நிக்கிறோம்" என்றார் அப்பா.

லாபியில் சோபாக்கள் காலியாகத்தான் கிடந்தன. அப்பா ஒரு தூணுக்குப் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா பைகளுக்குக் காவலாக நின்றார். பிள்ளைகள் சோபாவில் குதித்தன. "ஏய், அழுக்காயிடும்" என்று அக்கா அதட்டினார். நான் அப்பாவோடு நிற்பதா, பிள்ளைகளோடு உட்காருவதா என்று தெரியாமல், போனைப் பார்ப்பதுபோல நடித்தேன்.

அந்த ‘நிக்கிறோம்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதையும், நம் இலக்கியம் அதை எப்படிக் கையாள்கிறது என்பதையும் பற்றியே இந்தக் கட்டுரை. ஹோட்டல் எப்படி, பஃபே எப்படி என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தீம் பார்க் என்றதும் இலக்கிய வாசகருக்கு போத்ரியார் ஞாபகம் வந்துவிடும். டிஸ்னிலேண்டைக் கற்பனை என்று காட்டுவதே வெளியே இருக்கும் அமெரிக்காவை நிஜம் என்று நம்ப வைக்கத்தான் என்பது அவர் வாதம். அது நம்ம ஊருக்குப் பாதிதான் பொருந்தும். 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட் ஆரஞ்சுத் தோப்பை அழித்துக் கட்டப்பட்டது. தரையைச் சமமாக்கிவிட்டால் தோப்பு இருந்த சுவடே தெரியாது. சன்வேயில் அப்படி மறைக்க முடியாது. அது ஈயம் தோண்டிய குழி. 1974இல் ஜெஃப்ரி சியா ஒரு சிறிய ஈயச் சுரங்க நிறுவனமாகத்தான் சன்வேயைத் தொடங்கினார். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தபோது உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. தோண்டி முடித்த நிலம் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. 1990களின் தொடக்கத்தில் தண்ணீர்ப் பூங்கா வந்தது. 1997இல் சிங்க முகத்தோடு பிரமிட் அங்காடி வந்தது. இன்றைக்கும் அங்காடிப் பக்கம் நின்று பார்த்தால் பூங்கா நம் காலுக்குக் கீழே, பள்ளத்தில்தான் தெரியும். சறுக்குகளும் அலைக்குளமும் அந்தப் பள்ளத்துக்குள்ளே இருக்கின்றன.

இது சன்வேயின் கதை மட்டும் இல்லை. செரி கெம்பாங்கானில் ‘மைன்ஸ்’ என்று பெயரிலேயே சுரங்கத்தை வைத்திருக்கும் ஏரியும் அங்காடியும், உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்று இருந்த இடத்தில் நிற்பவை. ஈப்போவுக்குப் பக்கத்தில் தம்புனிலும் பழைய ஈய நிலத்தில்தான் பூங்கா. எங்கே தோண்டினார்களோ அங்கே தண்ணீர் தேங்கியது; எங்கே தண்ணீர் தேங்கியதோ அங்கே டிக்கெட் கவுண்டர் வந்தது.

இதை யாரும் மறைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாழ்நிலம் நகரமான கதையை அந்த நிறுவனம் பெருமையாகவே சொல்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்தக் குழி தமிழர்கள் தோண்டியது என்று நான் சொல்லப்போவதில்லை. ஈயச் சுரங்கங்களில் பெரும்பாலும் உழைத்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். நாம் இருந்தது ரப்பர்க் காட்டிலும் ரயில் பாதையிலும் துறைமுகத்திலும். மற்றவர் குழியில் நம் கண்ணீரை ஊற்றிவிட்டு அதற்கு வரலாறு என்று பெயர் வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அதை இங்கே செய்ய வேண்டாம்.

அப்படியானால் லாபியில் அப்பா ஏன் நின்றார்?

நம் இலக்கியத்தில் ‘வந்து சேர்தல்’ ஒரு மையக் காட்சி. கப்பலில் வந்து சேர்தல், தோட்டத்துக்கு வந்து சேர்தல், தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு பட்டணத்துப் புறம்போக்கு வீட்டுக்கு வந்து சேர்தல். பினாங்கின் ஜெரஜாக் தீவை நினைத்துப் பாருங்கள். கப்பலில் வந்தவர்களைத் தடுப்புக் காவலில் வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே விட்டார்கள். அதுதான் நம் முன்னோர்களின் செக்-இன். பெயர் கேட்டார்கள், உடம்பைப் பார்த்தார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு அதே தீவு 1969இல் சிறையானது. 1993இல் சிறை மூடப்பட்டது. அதன் பிறகு அங்கே ஒரு ரிசார்ட் வந்தது! இதை நான் கதையில் எழுதினால், குறியீடு ரொம்ப அப்பட்டமா இருக்கு தம்பி என்று எடிட்டர் திருப்பி அனுப்பிவிடுவார்.

கே.எஸ். மணியம் 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ நாவலை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். இந்தியாவிலிருந்து வந்து சேரும் பாட்டி, தனக்குப் பட்டா இல்லாத நிலத்தில் வேர் பிடிக்கப் பார்க்கிறாள். மருத்துவமனைக்குத் துணி வெளுக்கும் அவள் மகனும் தனக்குச் சொந்தமில்லாத நிலத்தில் வீடு கட்டி, அந்த வீட்டோடு எரிந்துபோகிறான். ஒரு குடும்பம் இரண்டு தலைமுறையாக வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் சேரவில்லை. 2015இல் வெளிவந்த சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாத்’ படமும் இதே காட்சியின் அடுத்த அத்தியாயம். தோட்டத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டவர்களின் பிள்ளைகள் 90களின் தொடக்கத்தில் எப்படி வளர்ந்தார்கள் என்பதே அதன் கதை. அதே வருடங்களில்தான் சன்வேயில் முதல் சறுக்கில் முதல் பிள்ளை வழுக்கி இறங்கியது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் கம்போங் மேடானில் 2001 மார்ச்சில் நடந்த கலவரத்தில் ஆறு பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இந்தியர்கள். அலைக்குளமும் அந்தச் சந்துகளும் ஒரே வரைபடத்தில், ஒரு விரல் தூரத்தில் இருக்கின்றன.

ஆக, எழுத வேண்டியதை நம்மவர்கள் எழுதியிருக்கிறார்கள், எடுத்திருக்கிறார்கள். என் பிரச்சினை வேறு. நான் வாசித்த அளவில், தோட்டத்தில் பிறந்த ஒருவர் காசு கொடுத்து, முன்பதிவு செய்து, சந்தோஷமாக இருப்பதற்காக ஓர் இடத்துக்கு வந்து சேரும் காட்சி நம் புனைவில் அரிது. வந்தாலும் அது தண்டனையில்தான் முடியும். தெரிந்தே சொல்கிறேன். நானே அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன்.

ஐந்து வருடம் முன்பு எழுதிய கதை அது. பால்மரம் வெட்டிய கிழவரை மகன் சொகுசு விடுதிக்குக் கூட்டிப் போகிறான். குளிரூட்டிய அறையில் கிழவருக்குத் தூக்கம் வரவில்லை. நடுராத்திரி ஜன்னல் வழியே குளத்தைப் பார்க்கிறார். லயத்துக் கிணறு ஞாபகம் வருகிறது. அழுகிறார். முற்றும். நண்பர்கள் பாராட்டினார்கள். எனக்கும் அன்றைக்கு அது நல்ல கதையாகத்தான் தெரிந்தது. அப்போது நான் எந்த ரிசார்ட்டிலும் தங்கியதில்லை. என் அப்பாவை அழைத்துப் போனதும் இல்லை. அவர் அழுவார் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

இப்போது லாபிக்குத் திரும்பி வருகிறேன். அரை மணி நேரம் கழித்து அப்பா பக்கத்தில் போய், "உக்காருங்கப்பா, எல்லாரும் உக்காந்துதான இருக்காங்க" என்றேன். அவர் சிரித்தார். "சின்னதுல பெரட்டுக் களத்துல எங்கப்பா கூட போய் நிப்பேன்டா. பேர் கூப்புடுற வரைக்கும் உக்காரக்கூடாது. கிராணி பாத்தா அன்னிக்கு வேல இல்லன்னுருவாரு. அந்தக் காலு இன்னும் அப்படியே நிக்குது." சொல்லிவிட்டு, என்னைவிட வேகமாகப் போய் சோபாவில் உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டு, பேத்தியிடம் போனைக் கொடுத்து, "தாத்தாவ ஒரு போட்டோ எடு" என்றார்.

என் கதையில் இந்த இரண்டாவது பாதி இல்லை. காலில் இருக்கும் பெரட்டுக் களம் எனக்குத் தெரிந்திருந்தது. அதை ஒரு பகடியாகச் சொல்லிவிட்டு அவர் தாண்டிப் போவார் என்பது தெரியவில்லை.

மூன்று மணிக்குச் சாவி அட்டை கிடைத்தது. அறைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். அம்மா ஓடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கண்ணாடியைச் சாய்ந்து பார்த்தார். அலமாரியின் மேல் விளிம்பில் விரலை ஓட்டினார். படுக்கையின் மூலையைத் தூக்கி, விரிப்பு மடித்துச் செருகப்பட்ட விதத்தைப் பார்த்தார். விரலில் தூசி இல்லை. "நல்லா செஞ்சிருக்கா, யார் பெத்த பிள்ளையோ" என்றார்.

அம்மா கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் பதினோரு வருடம் அறை சுத்தம் செய்தவர். அந்த ஹோட்டலின் பெயர் இங்கே தேவையில்லை. அத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அந்தப் படுக்கையில் உட்கார்ந்ததில்லை என்று அன்றைக்குச் சொன்னார். "உக்காந்தா சுருங்கிரும். மறுபடி இழுத்து விரிக்கணும்." பிறகு கையால் மெத்தையை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கொஞ்சம் பொறுத்துப் படுத்தார். மேலே பார்த்துக்கொண்டே, "இப்படி இருக்குமா இது" என்றார்.

நான் படித்த எந்த விமர்சனமும் ஓர் அறையை இவ்வளவு துல்லியமாக வாசித்ததில்லை. நான் லாபியைப் பார்த்துவிட்டு போத்ரியார் என்றேன். அம்மா விரிப்பைப் பார்த்துவிட்டு, அதை விரித்த கையைப் பற்றிப் பேசினார். அந்தக் கை இன்றைக்கு யாருடையது என்பதும் சீக்கிரமே தெரிந்தது. மறுநாள் காலை நாங்கள் பசியாறப் புறப்பட்டபோது, நடைக்கூடத்தில் வண்டி தள்ளி வந்தவர் நேப்பாளப் பெண். அதற்குள் அம்மா எங்கள் படுக்கைகளைத் தாமே சரி செய்து, ஈரத் துண்டுகளை ஒன்றாகச் சுருட்டிக் குளியலறை ஓரத்தில் வைத்திருந்தார். "எதுக்கும்மா, அவங்க வேலதான அது" என்று அக்கா கேட்டதற்கு, "அவளுக்கு அஞ்சு நிமிசம் மிச்சம்" என்றார். தலையணைக்குக் கீழே பத்து ரிங்கிட் வைத்தார். அந்தப் பெண்ணிடம் மலாயில் ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். இருவருக்கும் அரைகுறை மலாய்தான். அது போதுமானதாக இருந்தது.

கப்பல் நின்றுவிட்டது, வந்து சேர்தல் நிற்கவில்லை. இன்றைக்கு இந்நாட்டின் புது வரவுகள் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் விமானத்தில் வருகிறார்கள். நாம் இப்போது சோபாவில் உட்காரும் பக்கம் இருக்கிறோம், சிலராவது. இந்த இடமாற்றத்தை எழுதுவதற்கு நம்மிடம் மொழி இன்னும் தயாராகவில்லை என்று நினைக்கிறேன். நம்மைப் பாதிக்கப்பட்டவர்களாக எழுதத் தெரியும். விருந்தினராக எழுதத் தெரியாது. விருந்தினராக எழுதினால் தோட்டத்துக்குத் துரோகம் செய்துவிடுவோமோ என்று ஒரு பயம். அந்தப் பயத்தில்தான் என் கதைக் கிழவரை நடுராத்திரியில் எழுப்பி அழவிட்டேன். அவர் தூங்கியிருந்தால் கதை கெட்டுப்போகும் என்று நினைத்தேன்.

தீம் பார்க் நமக்கு விற்பது கடந்த காலம் இல்லாத ஒரு வந்து சேர்தலை. வாசலில் கையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டால் எங்கிருந்து வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. நம் கதைகள் பல கொடுப்பது இதற்கு நேர் எதிரானதை: கடந்த காலம் மட்டுமே உள்ள ஒரு வந்து சேர்தலை. இரண்டும் அப்பாவைப் பாதியாக வெட்டுகின்றன. பூங்காவிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. அது வியாபாரம். கதையிடம் எதிர்பார்க்கிறேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அப்பா அலைக்குளத்தில் இறங்கினார். அத்தானின் கால்சட்டையைக் கடன் வாங்கி, மேலே பழைய பனியனோடு. முதல் அலை வந்தபோது பேரனைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது அலைக்குள் பேரன் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தான். கரைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் துவட்டிக்கொண்டே சுற்றிலும் உயர்ந்து நிற்கும் பள்ளத்தின் விளிம்பைப் பார்த்தார்.

"இது முந்தி ஈயக் குழிதான?"

"ஆமாப்பா."

"எவ்ளோ ஆழம் தோண்டியிருக்கானுங்க பாரு" என்றார். குரலில் வருத்தம் இல்லை. வேலை தெரிந்த ஒருவர் இன்னொருவர் வேலையைப் பார்த்துச் சொல்வதுபோல இருந்தது. பிறகு பேரன் கூப்பிட்டான், மறுபடியும் தண்ணீருக்குள் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய கதையைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தை அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக என்ன வரும் என்று இன்னும் எழுதவில்லை. கிழவருக்கு ஒரு மனைவி உண்டு என்பதும், அவர் அலமாரியின் மேல் விரலை ஓட்டிப் பார்ப்பார் என்பதும் மட்டும் இப்போதைக்குத் தெரியும்.